பணம் கட்டியவர் யார், பாக்கி யார்? – வாசகர் கேள்வி பதில்

கல்லூரி சிம்போசியம், மாரத்தான், முன்னாள் மாணவர் சந்திப்பு என்று நிகழ்ச்சிகளுக்கு ஆன்லைனில் பதிவு வாங்குகிறவர்களின் கேள்விகள் இம்முறை. எல்லாப் பதில்களுக்கும் ஒரே அமைப்பை வைத்துக்கொள்வோம். ‘பதிவுகள்’ டேபிளில் ஒரு வரிசை என்றால் ஓர் ஆள்: பதிவு_எண், பெயர், கட்டணம். ‘வரவுகள்’ டேபிளில் ஒரு வரிசை என்றால் ஒரு பணப் பரிமாற்றம்: வரவு_எண், பதிவு_எண், கேட்வே_எண் (ஆன்லைனில் பணம் வாங்கித் தரும் கேட்வே நிறுவனம் அந்தப் பரிமாற்றத்துக்கு இடும் எண்), தொகை, நிலை, நேரம். நிலை ‘கேப்சர்டு’ என்றால் பணம் வசூலாகிவிட்டது என்று பொருள். டேட்டாபேஸிடம் தகவல் கேட்கும் எஸ்க்யூஎல் மொழியின் கட்டளைச் சொற்களை உச்சரிப்புப்படி அச்சிட்டிருக்கிறோம்; அந்த மொழியில் எழுதும் ஒரு கட்டளைதான் குவெரி. கணினியில் வழக்கம்போல ஆங்கிலத்தில் தட்டிக்கொள்ளுங்கள்.

கேள்வி: பதிவு செய்தும் பணம் கட்டாதவர்களின் பட்டியல் வேண்டும். லெஃப்ட் ஜாயின் போட்டால் வரும் என்றார்கள். போட்டேன், கட்டியவர்கள் மட்டும்தான் வருகிறார்கள். என் குவெரி இது:

செலெக்ட் ப.பெயர், வ.தொகை
ஃப்ரம் பதிவுகள் ப
லெஃப்ட் ஜாயின் வரவுகள் வ ஆன் வ.பதிவு_எண் = ப.பதிவு_எண்
வேர் வ.நிலை = 'கேப்சர்டு'

– பொறியியல் மாணவி, ஈரோடு

பதில்: கடைசி வரிதான் வேலையைக் கெடுக்கிறது. லெஃப்ட் ஜாயின் தன் வேலையைச் சரியாகவே செய்தது: பணம் கட்டாதவருக்கும் ஒரு வரிசை கொடுத்து, ‘வரவுகள்’ பக்கத்து ஃபீல்டுகளையெல்லாம் நல் (மதிப்பு எதுவும் இல்லை என்ற குறி) என்று நிரப்பி வைத்தது. அதற்குப் பிறகு ‘வேர்’ வந்து, நிலை கேப்சர்டுதானா என்று ஒவ்வொரு வரிசையையும் கேட்கிறது. நல் எதற்கும் சமமாகாது. ஆகவே கட்டாதவர்கள் அத்தனை பேரும் அந்த இடத்தில் கழன்றுவிடுகிறார்கள். லெஃப்ட் ஜாயின் சாதாரண ஜாயினாகச் சுருங்கிவிடுகிறது.

வலப்பக்க டேபிளைப் பற்றிய நிபந்தனையை ‘ஆன்’ பகுதிக்குள் கொண்டுபோங்கள். அதோடு, கட்டாதவர் மட்டுமல்ல, பாதி கட்டியவரும் உங்களுக்கு வேண்டும் அல்லவா? இரண்டையும் ஒரே குவெரியில் எடுக்கலாம்:

செலெக்ட் ப.பதிவு_எண், ப.பெயர், ப.கட்டணம்,
கோலெஸ்(சம்(வ.தொகை), 0) ஆஸ் வந்தது
ஃப்ரம் பதிவுகள் ப
லெஃப்ட் ஜாயின் வரவுகள் வ
ஆன் வ.பதிவு_எண் = ப.பதிவு_எண் ஆண்ட் வ.நிலை = 'கேப்சர்டு'
குரூப் பை ப.பதிவு_எண், ப.பெயர், ப.கட்டணம்
ஹேவிங் கோலெஸ்(சம்(வ.தொகை), 0) < ப.கட்டணம்

கோலெஸ் (நல் வந்தால் அதற்குப் பதில் 0 வைப்பது) எதற்கு? கூட்ட எதுவுமே இல்லாதபோது ‘சம்’ சுழியத்தைத் தராது, நல்லைத்தான் தரும். நல் 500-ஐவிடக் குறைவா என்ற கேள்விக்கு ‘ஆம்’ என்ற பதில் கிடைக்காது. கோலெஸை விட்டுவிட்டால், பாதி கட்டியவர்கள் பட்டியலில் வருவார்கள், ஒன்றுமே கட்டாதவர்கள் மறுபடி காணாமல் போவார்கள்.

எண்ணிக்கை எடுக்கும்போதும் ஒரு கவனம் தேவை. லெஃப்ட் ஜாயினுக்குப் பிறகு ‘கவுண்ட்’ நட்சத்திரம் போட்டால், பணமே கட்டாதவருக்கும் 1 என்று காட்டும், ஏனென்றால் அவருக்கும் ஒரு வரிசை இருக்கிறது. கவுண்ட்(வ.வரவு_எண்) என்று எழுதினால் நல்களை விட்டுவிட்டு எண்ணும்.

கேள்வி: பதிவு, பணவரவு, பயிலரங்குத் தேர்வு என மூன்று டேபிள்கள். மூன்றையும் இணைத்து மொத்த வசூலைக் கூட்டினால், வங்கியில் இருப்பதைவிடப் பல மடங்கு வருகிறது. ஒரே மதிப்பை ஒரு முறை மட்டும் எடுக்கும் டிஸ்டிங்க்ட் போட்டேன், ஓரளவு குறைந்தது, ஆனாலும் பொருந்தவில்லை.
– கருத்தரங்கு ஒருங்கிணைப்பாளர், திருச்சி

பதில்: ஒரே ஓர் ஆளை எடுத்துப் பாருங்கள். கட்டணம் 1,500 ரூபாய். 1,000 ஒரு முறை, 500 ஒரு முறை என்று இரண்டு தவணையில் கட்டியிருக்கிறார். மூன்று பயிலரங்குகளைத் தேர்ந்திருக்கிறார், ஒவ்வொன்றும் 500. வரவுக்கும் பயிலரங்குக்கும் நேரடித் தொடர்பு கிடையாது. இரண்டும் பதிவு_எண் வழியாகத்தான் சேர்கின்றன. அதனால் இரண்டு வரவும் மூன்று பயிலரங்கோடும் ஒவ்வொரு முறை ஜோடி சேர்ந்து 6 வரிசைகள் ஆகும். வரவைக் கூட்டினால் 4,500. பயிலரங்குக் கட்டணத்தைக் கூட்டினால் 3,000. இரண்டுமே தவறு. ஒரே பயிலரங்கு எடுத்து ஒரே முறை கட்டியவருக்குக் கணக்கு சரியாக வருவதால், சோதனைக்குப் போட்ட நாலு பதிவுகளில் இது பிடிபடாது.

சம்(டிஸ்டிங்க்ட் தொகை) இன்னும் ஆபத்து. மேலே சொன்ன ஆளுக்கு அது 1,500 என்று சரியாகவே காட்டும், நாமும் நம்பிவிடுவோம். அவரே 750, 750 என்று கட்டியிருந்தால்? இரண்டும் ஒரே தொகை என்று ஒன்றை விழுங்கிவிட்டு 750 என்று காட்டும். நிகழ்ச்சி முழுவதற்கும் போட்டால், 500 ரூபாய் கட்டிய அத்தனை பேருக்கும் சேர்த்து ஒரே 500.

இணைப்பதற்கு முன்பே கூட்டிவிடுங்கள். ‘வித்’ கொண்டு இரண்டு தற்காலிகக் கூட்டல்களை எழுதலாம்: ஒன்றில் வரவுகளைப் பதிவு_எண் வாரியாகக் கூட்டி ஆளுக்கு ஒரு வரிசை, இன்னொன்றில் பயிலரங்குக் கட்டணங்களைக் கூட்டி ஆளுக்கு ஒரு வரிசை. பிறகு ‘பதிவுகள்’ டேபிளோடு இரண்டையும் லெஃப்ட் ஜாயின் செய்யுங்கள். ஒன்றுக்கு ஒன்று என்று சேர்வதால் எதுவும் பெருகாது. மைஎஸ்க்யூஎல் டேட்டாபேஸின் 8.0-க்கு முந்தைய பதிப்பில் ‘வித்’ கிடையாது. அங்கே அதே கூட்டலை அடைப்புக்குறிக்குள் துணைக் குவெரியாக எழுதினால் போதும்.

சரிபார்க்க ஒரு வழி: ஜாயினுக்குப் பிறகு வரும் வரிசைகளின் எண்ணிக்கையும் ‘பதிவுகள்’ டேபிளின் எண்ணிக்கையும் ஒன்றாக இருக்கிறதா என்று, கூட்டல் போடுவதற்கு முன்பே பாருங்கள்.

கேள்வி: ‘வேர் பதிவு_எண் நாட் இன் (செலெக்ட் பதிவு_எண் ஃப்ரம் வரவுகள்)’ என்று எழுதினேன். போன வாரம் வரை வேலை செய்தது. இப்போது ஒரு வரிசைகூட வரவில்லை.
– வாசகர், மதுரை

பதில்: போன வாரத்துக்குப் பிறகு ‘வரவுகள்’ டேபிளில் யாரோ பதிவு_எண் இல்லாமல் ஒரு வரிசை சேர்த்திருப்பார்கள், பெரும்பாலும் யாருடையது என்று தெரியாத ஒரு பணம். உள் பட்டியலில் ஒரே ஒரு நல் இருந்தாலும் ‘நாட் இன்’ யாரையும் திருப்பித் தராது. ‘நாட் எக்ஸிஸ்ட்ஸ்’ என்று மாற்றி எழுதுங்கள்; அதற்கு நல்லால் பாதிப்பில்லை. அந்த அநாமதேயப் பணம் யாருடையது என்று தேடுவது தனி வேலை.

கேள்வி: கேட்வே வழியாகப் பணம் வாங்குகிறோம். நாள்வாரி வசூல் அறிக்கை ஒரு தொகை சொல்கிறது, கேட்வே டாஷ்போர்டு இன்னொன்று, வங்கி மூன்றாவது ஒன்று. போதாக்குறைக்கு, 10-ஆம் தேதி எடுத்த அறிக்கையை 20-ஆம் தேதி மறுபடி எடுத்தால் அதே நாளின் தொகை மாறியிருக்கிறது! எங்கே பிசகு?
– மாரத்தான் குழுப் பொருளாளர், கோயம்புத்தூர்

பதில்: ஒரே இடத்தில் இல்லை. ஒவ்வொன்றாகப் பிரிப்போம்.

முதலில் நேரம். ரேஸர்பே போன்ற கேட்வேகள் பரிமாற்ற நேரத்தை யூனிக்ஸ் நொடிக் கணக்கில் (1970 ஜனவரி 1 முதல் கடந்த நொடிகளாக) அனுப்புகின்றன. அது யூடிசி, அதாவது உலகப் பொது நேரம். நம் நேரம் அதைவிட 5 மணி 30 நிமிடம் முன்னால் இருக்கிறது. நள்ளிரவு 12 முதல் காலை 5.30 வரை வந்த பணமெல்லாம், யூடிசி தேதியை அப்படியே எடுத்தால், முந்தைய நாள் கணக்கில் விழும். கடைசி நாள் இரவில் பதிவுகள் குவியும் நிகழ்ச்சிகளில் இது சின்ன வித்தியாசமாக இருக்காது. பிப்ரவரி 14 வசூல் வேண்டுமென்றால் எல்லையை மாற்றுங்கள்:

நேரம் >= '2025-02-13 18:30:00' ஆண்ட் நேரம் < '2025-02-14 18:30:00'

ஃபீல்டின் மேல் நேர மாற்றுச் சார்பைப் போட்டு ஒப்பிடுவதைவிட இது நல்லது; நேரத்துக்கு இன்டெக்ஸ் (வேகமாகத் தேட உதவும் பட்டியல்) வைத்திருந்தால் அது பயன்படும். மைஎஸ்க்யூஎல்லில் நேர மண்டலத்தைப் பெயர் சொல்லி மாற்றுகிறீர்கள் என்றால், சர்வரில் மண்டலப் பட்டியல் ஏற்றப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். ஏற்றாவிட்டால் பிழை காட்டாது, அமைதியாக நல் தரும். +05:30 என்று எண்ணாகக் கொடுத்தால் அந்தத் தொல்லை இல்லை.

‘பிட்வீன்’ பயன்படுத்தி 1-ஆம் தேதியிலிருந்து 28-ஆம் தேதி வரை என்று எழுதியிருந்தால், 28-ஆம் தேதி நள்ளிரவு 00:00 மணியோடு கணக்கு நின்றுவிடும். அன்றைய பகல் முழுவதும் விடுபடும். மேலே காட்டியது போல ஒரு பக்கம் >=, மறுபக்கம் < என்று எழுதும் பழக்கமே நல்லது.

அடுத்தது பைசா. கேட்வே 500 ரூபாயை 50000 என்று பைசாவில் தருகிறது. டேபிளில் முழு எண்ணாகவே வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் ‘பதிவுகள்’ டேபிளின் கட்டணமும் பைசாவில் இருக்க வேண்டும். ஒன்று ரூபாய், ஒன்று பைசா என்றால், 10 ரூபாய் கட்டியவரும் கட்டணத்துக்கு மேல் கட்டியவராகத் தெரிவார். காட்டும்போது 100-ஆல் வகுக்கையில் போஸ்ட்கிரெஸ், எஸ்க்யூலைட் டேட்டாபேஸ்களில் முழு எண்ணை முழு எண்ணால் வகுத்தால் பின்னம் வெட்டப்படும்: 48820 / 100 என்றால் 488. 20 பைசா போய்விட்டது. 100.0 என்று எழுதுங்கள். மைஎஸ்க்யூஎல் இதில் பின்னத்தைக் காப்பாற்றிவிடும். பின்னத்தைத் தோராயமாக வைக்கும் ஃப்ளோட் வகை மட்டும் எங்கேயும் வேண்டாம்.

மூன்றாவது, கேட்வேயின் கழிவு. 500 ரூபாய்க்கு 2 சதவீதம் கட்டணம் என்றால் 10 ரூபாய். அதற்கு ஜிஎஸ்டி 18 சதவீதம், 1.80. ஆக 11.80 போக 488.20 உங்கள் கணக்குக்கு வரும். ரேஸர்பே தரும் தகவலில் ‘ஃபீ’ என்பது 1180, ‘டேக்ஸ்’ என்பது 180 என்று இருக்கும். ‘ஃபீ’க்குள்ளேயே ஜிஎஸ்டி அடக்கம். தொகையிலிருந்து இரண்டையும் கழித்தால் வரியை இரண்டு முறை கழித்ததாகும், 488.20 வர வேண்டிய இடத்தில் 486.40 வரும். ஒவ்வொரு பரிமாற்றத்திலும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்து, மொத்தத்தில் யாராலும் விளக்க முடியாத ஒரு வித்தியாசம் நிற்கும்.

வங்கிக்கு வருவது தனித்தனிப் பணம் அல்ல. பல பரிமாற்றங்களைச் சேர்த்து, கழிவும் திருப்பிக் கொடுத்ததும் போக ஒரே தொகையாக, வேலை நாள் கணக்கில் சில நாட்கள் கழித்து விழும். வங்கி வரவைத் தேதியை வைத்துப் பொருத்த முயலாதீர்கள். கேட்வே இப்படிச் சேர்த்து அனுப்பும் தொகைக்கான செட்டில்மென்ட் அறிக்கையை இறக்கி ஒரு டேபிளில் ஏற்றி, செட்டில்மென்ட் எண் வாரியாகக் கூட்டி, அதன் யூடிஆர் எண்ணை (வங்கிப் பரிமாற்ற அடையாள எண்) வங்கி ஸ்டேட்மென்ட்டோடு பொருத்துங்கள். இந்தப் பொருத்தத்தில் ஒரு பைசாகூட வித்தியாசம் வரக் கூடாது.

இனி, 10-ஆம் தேதிக் கணக்கு ஏன் மாறியது? பணம் திருப்பிக் கொடுத்திருப்பீர்கள். முழுத் தொகையையும் திருப்பினால் அந்தப் பரிமாற்றத்தின் நிலை கேப்சர்டிலிருந்து ரிஃபண்டட் ஆகிறது. உங்கள் குவெரி கேப்சர்டை மட்டும் கூட்டுவதால், 10-ஆம் தேதி உண்மையாகவே வந்த பணம் அந்த நாளிலிருந்தே மறைகிறது. பாதித் தொகையைத் திருப்பினாலோ, நிலை கேப்சர்டாகவே நிற்கும். முழுத் தொகையும் வசூலில் இருப்பதாகக் காட்டும். ஒன்றில் பழைய கணக்கு கலைகிறது, இன்னொன்றில் இல்லாத பணம் இருக்கிறது.

வந்த வரிசையைத் திருத்தாதீர்கள். திருப்பிக் கொடுத்ததைப் புது வரிசையாக, கழித்தல் குறியோடு, திருப்பிய நாளின் நேரத்தோடு எழுதுங்கள். 10-ஆம் தேதி +500, 15-ஆம் தேதி −200. அப்போது எந்த நாளின் அறிக்கையை எப்போது எடுத்தாலும் ஒரே தொகைதான். ‘நிலை’ ஃபீல்டில் ரிஃபண்டட் என்ற ஒன்று தேவையே இருக்காது.

கேள்வி: ஒரே பணம் எங்கள் டேபிளில் இரண்டு முறை ஏறிவிடுகிறது. வேறு சிலருக்கோ பணம் கணக்கிலிருந்து போய்விட்டது என்கிறார்கள். எங்களிடம் ‘நிலுவை’ என்றே நிற்கிறது.
– இணையதளப் பொறுப்பாளர், சேலம்

பதில்: இரண்டு தனிச் சிக்கல்கள்.

பணத்தின் நிலையைச் சொல்லக் கேட்வே உங்கள் சர்வருக்குத் தானாக அனுப்பும் வெப்ஹுக் செய்தி ஒரு முறைதான் வரும் என்ற உத்தரவாதம் கிடையாது. உங்கள் சர்வர் பதில் சொல்லத் தாமதித்தால் அதே செய்தியை மறுபடி அனுப்பும். பணம் கட்டியவரின் பிரவுசர் உங்கள் தளத்துக்குத் திரும்பி வரும்போதும் உங்கள் நிரல் ஒரு வரிசை எழுதுகிறது என்றால் கேட்கவே வேண்டாம். ‘ஏற்கெனவே இருக்கிறதா என்று பார், இல்லையென்றால் எழுது’ என்று நிரலில் எழுதுவது போதாது. இரண்டு செய்திகளும் ஒரே கணத்தில் வந்தால் இரண்டுமே ‘இல்லை’ என்று பார்த்துவிட்டு இரண்டுமே எழுதும். கேட்வே_எண் ஃபீல்டுக்கு யூனிக் இன்டெக்ஸ் போடுங்கள், ஒரே எண் இரண்டாம் முறை ஏறாது. மறுபடி வந்ததைப் பிழை இல்லாமல் கையாள, போஸ்ட்கிரெஸில் ‘ஆன் கான்ஃப்ளிக்ட் டூ நத்திங்’, மைஎஸ்க்யூஎல்லில் ‘ஆன் டூப்ளிகேட் கீ அப்டேட்’. ‘இன்சர்ட் இக்னோர்’ எளிதாகத் தெரியும். ஆனால் நீளம் தாண்டிய எழுத்து, தவறான தேதி போன்ற மற்றப் பிழைகளையும் அது எச்சரிக்கையாகக் குறைத்துவிடும், தவிருங்கள்.

நேரில் ரொக்கமாக வாங்கியதற்குக் கேட்வே_எண் இருக்காது. அங்கே நல் வையுங்கள்; யூனிக் இன்டெக்ஸ் எத்தனை நல் வந்தாலும் விடும். வெற்றுச் சரமாக வைத்தால் இரண்டாவது ரொக்க வரவிலேயே பிழை வரும்.

ஏற்கெனவே ஏறியவற்றைக் களைய, கேட்வே_எண் வாரியாகக் குரூப் செய்து, ஹேவிங் கவுண்ட் 1-க்கு மேல் என்று எடுங்கள். ஒரே ஆளுக்கு இரண்டு வேறு கேட்வே எண்கள் இருந்தால் கை வைக்காதீர்கள். அது இரட்டைப் பதிவு அல்ல, அவர் நிஜமாகவே இரண்டு முறை கட்டியிருக்கிறார். பணத்தைத் திருப்பித் தர வேண்டும்.

நிலுவைச் சிக்கலுக்கு, யூபிஐ பணம் சில சமயம் தாமதமாக உறுதியாவது காரணம். பிரவுசரில் தோல்வி என்று வந்த பிறகும் வங்கி உறுதி செய்து, கேட்வேயில் ஆதரைஸ்டு (வங்கி அனுமதித்தது, இன்னும் வசூலாகாதது) நிலைக்கு வரும். தானாகக் கேப்சர் செய்யும் அமைப்பை வைக்காவிட்டால் அது அங்கேயே நின்று, கெடு முடிந்ததும் கட்டியவருக்கே திரும்பும். ஆகவே தோல்வி என்று எழுதிய வரிசையும் பின்னர் வந்த செய்தியால் மாற இடம் வேண்டும். வெப்ஹுக் செய்திகள் நடந்த வரிசையிலேயே வரும் என்றும் எண்ணிவிடாதீர்கள். தாமதமாக வந்த ‘தோல்வி’, முன்பே வந்துவிட்ட ‘கேப்சர்டை’ அழித்துவிடாதபடி நிபந்தனை வையுங்கள்.

கேள்வி: ஐந்து பேர் அணியாக வருகிறார்கள், ஒருவரே எல்லாருக்கும் சேர்த்துக் கட்டுகிறார். மற்ற நால்வரும் பாக்கி என்று வருகிறது.
– வாசகி, திருநெல்வேலி

பதில்: ஒரு வரவுக்கு ஒரே பதிவு_எண் என்ற அமைப்பில் இது அடங்காது. ‘பங்கீடு’ என்று ஒரு டேபிள் வையுங்கள்: வரவு_எண், பதிவு_எண், தொகை. 2,500 ரூபாய் வரவு ஒன்று. பங்கீட்டில் 500 வீதம் ஐந்து வரிசைகள். பாக்கிப் பட்டியலைப் பங்கீட்டிலிருந்தும், வசூல் மொத்தத்தை வரவிலிருந்தும் எடுங்கள். பங்கீட்டின் கூட்டலும் வரவுத் தொகையும் ஒத்துப்போகாத வரவு_எண்களைத் தினமும் ஒரு குவெரியால் பார்த்துவிடுங்கள்.

கேள்வி: கேட்வே எல்லாம் இல்லை. க்யூஆர் ஒட்டி வைத்திருக்கிறோம். ஸ்கேன் செய்து பணம் அனுப்பிவிட்டு, படிவத்தில் யூடிஆர் எண்ணையும் ஸ்கிரீன்ஷாட்டையும் தருகிறார்கள். வங்கி ஸ்டேட்மென்ட்டோடு எப்படி ஒப்பிடுவது?
– கலைக் கல்லூரி மாணவர் மன்றம், தஞ்சாவூர்

பதில்: ஸ்கிரீன்ஷாட்டைக் கணக்கில் எடுக்காதீர்கள், அதைத் திருத்துவது சுலபம். வங்கி ஸ்டேட்மென்ட்டில் இருக்கிறதா என்பதுதான் கேள்வி. யூபிஐயில் யூடிஆர் எண் 12 இலக்கம். இரண்டு டேபிளிலும் அதை எண்ணாக வைக்காமல் எழுத்தாக வையுங்கள். எண்ணாக வைத்தால் முன்னால் உள்ள சுழியம் விழுந்துவிடும். ஸ்டேட்மென்ட்டை எக்செலில் திறந்தால் 12 இலக்க எண்ணை 4.12இ+11 என்ற பாணியில் சுருக்கிக் காட்டும்; அந்த நிலையில் சிஎஸ்வியாகச் சேமித்தால் சுருங்கியதே கோப்பில் போகும். ஏற்றும்போதே அந்த ஃபீல்டை டெக்ஸ்ட் என்று குறியுங்கள்.

படிவத்தில் தட்டிய எண்ணில் இடைவெளி, முன்னால் ‘யூடிஆர்’ என்ற எழுத்து எல்லாம் இருக்கும். இலக்கமல்லாதவற்றை நீக்கிவிட்டு, நீளம் 12 இல்லாதவற்றைத் தனியாக எடுங்கள். பலர் கூகுள் பே அல்லது போன்பேயின் சொந்தப் பரிமாற்ற எண்ணைத் தட்டியிருப்பார்கள், அவர்களிடம் மறுபடி கேட்டுத்தான் ஆக வேண்டும். மூன்று பட்டியல்கள் தேவை: எண்ணும் தொகையும் பொருந்தியவை, எண் பொருந்தித் தொகை பொருந்தாதவை, படிவத்தில் இருந்து வங்கியில் இல்லாதவை. கூடவே, ஒரே எண்ணை இரண்டு பேர் கொடுத்திருக்கிறார்களா என்று குரூப் செய்து பாருங்கள். நண்பனின் எண்ணைக் கடன் வாங்கியவர்கள் அதில் சிக்குவார்கள்.

கேள்வி: ஒருவருக்கு மட்டும் ‘கட்டியாயிற்று’ என்று மாற்றப் போய், ‘வேர்’ போட மறந்து எல்லாருக்கும் மாற்றிவிட்டேன். மீட்க முடியுமா?
– வாசகர், வேலூர்

பதில்: டிரான்சாக்‌ஷனைத் தொடங்கிவிட்டு ஓட்டியிருந்தால், செய்ததை ரத்து செய்யும் ‘ரோல்பேக்’ போதும். மைஎஸ்க்யூஎல் இயல்பாகவே ஒவ்வொரு கட்டளையையும் உடனே உறுதி செய்துவிடும் என்பதால், தொடங்காமல் ஓட்டியிருந்தால் திரும்பாது. டேபிள் ரோல்பேக்கை ஆதரிக்காத மைஐசாம் வகையாக இருந்தால் தொடங்கியிருந்தாலும் பயனில்லை, இன்னோடிபிக்கு மாற்றிவிடுங்கள்.

உங்கள் நிலைமை அவ்வளவு மோசமில்லை. நீங்கள் அழித்தது ‘பதிவுகள்’ டேபிளின் ஒரு ஃபீல்டைத்தான். ‘வரவுகள்’ அப்படியே இருக்கிறது. ஈரோடு வாசகிக்குச் சொன்ன குவெரியில் வரும் பதிவு_எண்களுக்கெல்லாம் ‘பாக்கி’ என்று திருப்பி எழுதுங்கள். பதிவை ரத்து செய்தவர்கள், கட்டணம் இல்லாமல் அழைத்த விருந்தினர்கள் ஆகிய இரு வகையினரும் வரவிலிருந்து தெரிய மாட்டார்கள். அவர்களை மட்டும் அனுப்பிய மின்னஞ்சல்களைப் பார்த்துக் கையால் திருத்த வேண்டியிருக்கும்.